முதல் பிள்ளை, வீட்டில் பெரியவர்கள் இல்லை: திருகோணமலையில் யாரைப் பிடிக்கலாம்?

நிலாவெளிவீதி கேட்டது:

வணக்கம். மனைவிக்கு இது 33ஆவது கிழமை, முதல் பிள்ளை. உப்புவெளிப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். பிரசவம் திருகோணமலை பொது வைத்தியசாலையில். மாமி வவுனியாவிலிருந்து வந்து நிற்பா, ஆனால் மூன்று கிழமைக்கு மேல் அவவால் நிற்க முடியாது. என் பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. மனைவி அரசாங்கப் பாடசாலை ஆசிரியை, எனக்குத் தனியார் வேலை.

வீட்டுக்கு வந்த பிறகு யாரிடம் என்ன கேட்பது? பால் போதுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரவில் ஏதும் என்றால் எது பொறுக்கலாம், எதற்கு உடனே ஓட வேண்டும்? லீவு, பிறப்புப் பதிவு பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொட்டியாரக்கரை:

தம்பி, உங்களுக்கு முதல் ஆள் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், எல்லாரும் மிட்வைஃப் மிஸ் என்று சொல்லுகிறவ. காசு இல்லை, அவவே வீடு தேடி வருவா. ஆனால் நீங்கள் இப்போது குடியிருக்கும் விலாசம் அவவின் பதிவில் இருக்க வேண்டும். ஆட்கள் தவறவிடுவது இதைத்தான். பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்குப் போகிற வழக்கம் நமக்கு இருக்கிறது. பதிவு உப்புவெளியில், ஆள் வவுனியாவில் என்றால், உப்புவெளி மிஸ் வந்து பூட்டிய கேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவா. வவுனியா மிஸ்ஸுக்கோ அங்கே ஒரு பச்சைப் பிள்ளை வந்திருப்பதே தெரியாது. வாடகை வீடு மாறினாலும் இதே கதைதான், ஒரு வீதி தள்ளிப் போனாலே வேறு மிஸ்ஸின் பகுதியாக இருக்கலாம்.

ஆகவே இந்தக் கிழமையே எச்-512 என்ற கர்ப்பவதிப் பதிவு அட்டையை எடுத்து, அதில் உள்ள விலாசம் சரியா என்று பாருங்கள். மிஸ்ஸின் போன் நம்பரை மனைவியின் போனிலும் உங்கள் போனிலும் பதியுங்கள். மூன்றாவதாக ஒரு கடதாசியில் எழுதி பிரிட்ஜில் ஒட்டுங்கள், மாமிக்கும் தெரிய வேண்டுமே. நம்பர் கிடைக்காவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு, அதாவது எம்.ஓ.எச். ஒபிசுக்குப் போய், வீதிப் பெயரையும் கிராம சேவகர் பிரிவையும் சொன்னால் எந்த மிஸ் என்று காட்டிவிடுவார்கள்.

துண்டு வெட்டி, அதாவது வைத்தியசாலையிலிருந்து விடுவித்து, வீட்டுக்கு வந்த அன்றே, 'பிள்ளை இன்ன திகதி பிறந்தது, இன்ன நிறை, சாதாரண பிரசவம் அல்லது சிசேரியன், வீட்டுக்கு வந்துவிட்டோம்' என்று அவவுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை வர வேண்டும். அதன் பிறகு இரண்டு மூன்று கிழமையில் ஒரு தடவை, 42ஆம் நாள் அளவில் ஒரு தடவை. ஐந்தாம் நாள் வரைக்கும் யாரும் வராவிட்டால் நீங்களே எடுத்துக் கேளுங்கள். அது கரைச்சல் கொடுப்பது இல்லை, அவவுக்கு உதவிதான். ஒரு மிஸ்ஸுக்கு எத்தனையோ வீடுகள்.

வரும்போது தேத்தண்ணி கொடுத்து அனுப்புவதோடு நிற்காதீர்கள். மூன்று காரியம் கேட்டு வாங்குங்கள். பிள்ளை பால் குடிப்பதை அவவின் கண் முன்னாலேயே குடிக்க வைத்துக் காட்டுங்கள், குடித்து முடிந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல முடியாது. தையல் அல்லது காயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், வெட்கப்பட்டு 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட வேண்டாம் என்று மனைவியிடம் முதலே கதைத்து வையுங்கள். பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில், யன்னலோரம் வைத்து, மஞ்சள் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். ரியூப் லைட்டுக்குக் கீழே மஞ்சள் பிடிபடாது.

வாட்டிலிருந்து வரும்போது பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு கைக்கு வரும், கிளினிக் கொப்பி. பி.சி.ஜி. ஊசி வீட்டுக்கு வருவதற்கு முன்பே போட்டுவிடுவார்கள், அது கொப்பியில் பதிந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பிறகு 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கான ஊசியும் போலியோச் சொட்டும், 9ஆம் மாதம் எம்.எம்.ஆர்., 12ஆம் மாதம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, 18ஆம் மாதம் முக்கூட்டு ஊசியும் போலியோவும். ஊசி போட்ட பிறகு 20 நிமிடம் கிளினிக்கிலேயே இருங்கள், வெயில் ஏறுது, பஸ் வருது என்று எழும்பி ஓட வேண்டாம்.

இன்னொன்று, பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் திரிபோஷா என்ற சத்துமா உண்டு. மாதம் 750 கிராம் பைக்கற் இரண்டு, நாளுக்கு 50 கிராம் என்ற கணக்கு. வீட்டில் எல்லாரும் பகிர்ந்து தின்றால் பத்து நாளில் முடிந்துவிடும். அது தாயின் சாப்பாடு, தனி டின்னில் போட்டு வையுங்கள். போசாக்குக் கொடுப்பனவுக்கான படிவமும் மிஸ் மூலம்தான். உங்கள் பகுதியில் தாய்மார் ஆதரவுக் குழு இருந்தால் அதிலும் மனைவியின் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று கிழமைக்குப் பிறகு மாமி இல்லாத வெறுமைக்கு, நாலு வீடு தள்ளி ஆறு மாதப் பிள்ளையோடு இருக்கும் இன்னொரு தாய் பெரிய துணை.

---

கன்னியாஊற்று:

பால் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் முதல் கிழமையில் வீடு கலங்குவது இதில்தான்.

முதல் இரண்டு மூன்று நாளும் வருவது கொஞ்சமாக, தடிப்பாக, மஞ்சளாக வரும் சீம்பால். தேக்கரண்டிக் கணக்குத்தான். பிள்ளையின் வயிறும் அவ்வளவுதான் கொள்ளும். பால் பெருகுவது மூன்றாம் நாள் அளவில். இந்த இடைவெளியில்தான் 'பால் இல்லை' என்று யாராவது மாப்பெட்டி வாங்கக் கிளம்புவார்கள். போத்தல் கொடுத்தால் அந்த நேரத்துக்குரிய உறிஞ்சல் மார்புக்கு இல்லை, உறிஞ்சல் இல்லாவிட்டால் பால் சுரப்பும் குறையும், பிறகு 'பால் இல்லை' என்பது உண்மையாகிவிடும்.

24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும். இரவுப் பாலை விடக் கூடாது, சுரப்பைக் கூட்டும் ஓமோன் இரவில்தான் கூட. பிள்ளை மூன்று நாலு மணித்தியாலம் தொடர்ந்து தூங்கினால் முதல் இரண்டு கிழமையும் எழுப்பிக் கொடுங்கள். சட்டையைக் கழற்றி, உள்ளங்காலைத் தடவினால் எழும்பும்.

வாய் பிடிப்பது சரியா என்று பார்க்க, பக்கத்தில் இருந்து கவனியுங்கள். வாய் கொட்டாவி விடுவது போல அகலத் திறந்திருக்க வேண்டும். நாடி மார்பில் முட்டியிருக்கும், கீழ் உதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், கறுப்பு வட்டம் மேல் உதட்டுக்கு மேலே கூடத் தெரியும், கீழே குறையத் தெரியும். தொடக்கத்தில் படபடவென்று சப்பும், பால் இறங்கியதும் தாடை மெதுவாக ஆழமாக இறங்கி, ஒரு கணம் நின்று, விழுங்கும். காதுக்கு முன்னால் உள்ள தசை அசைவதைக் காணலாம். கன்னம் உள்ளே குழிந்தாலோ 'ளக் ளக்' என்று சத்தம் வந்தாலோ பிடி நழுவுகிறது. அப்படியே இழுத்து எடுக்க வேண்டாம், முலைக்காம்பு வெடிக்கும். வாயின் ஓரத்தால் சுத்தமான சின்ன விரலை விட்டு காற்றுப் புக வைத்து எடுத்து, மறுபடி பிடிக்க வையுங்கள். தொடக்கத்தில் சில வினாடி கூசுவது உண்டு, குடித்து முடியும் வரை நோவு இருந்தால் பிடி பிழை.

போதுமா என்று அழுகையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பாருங்கள் சிறுநீரை. ஐந்தாம் நாளிலிருந்து 24 மணித்தியாலத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல், நிறமில்லாமல் போக வேண்டும். முதல் கிழமை பம்பஸ் போடாமல் துணி கட்டினால் எண்ணுவது லேசு. மலம் கறுப்பிலிருந்து பச்சை கலந்து, ஐந்தாம் நாளளவில் மஞ்சளுக்கு வந்துவிட வேண்டும். நிறை முதல் நாட்களில் இறங்கும், அது வழமை. 3 கிலோவில் பிறந்த பிள்ளைக்கு 300 கிராம் இறங்கினால் அது எல்லைக்கோடு, உடனே காட்ட வேண்டும். இரண்டு கிழமையில் பிறந்த நிறைக்குத் திரும்ப வேண்டும், பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஒரே தராசில் நிறுங்கள், தராசுக்குத் தராசு நூறு கிராம் வித்தியாசம் காட்டி வீணாகப் பயப்படுத்தும்.

பால் கட்டிவிட்டால், கொடுப்பதற்கு முன் வெந்நீரில் நனைத்த துணியால் சில நிமிடம் ஒத்தடம், கொடுத்த பிறகு குளிர்ந்த துணி. கட்டிய மார்பைப் பிள்ளையால் பிடிக்க முடியாது, முதலில் கையால் கொஞ்சம் எடுத்து இளக வையுங்கள். பெருவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளி. நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, விரல்களைச் சேர்த்து நசித்து, விட வேண்டும். தோலில் வழுக்கி இழுப்பதால் பால் வராது, தோல்தான் எரியும். ஒரு பக்கம் சிவந்து, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் ஒத்தடத்தோடு இருக்கக் கூடாது, டொக்டரிடம் காட்டுங்கள், ஆனால் அந்தப் பக்கத்துப் பாலை நிறுத்த வேண்டாம்.

எடுத்த பாலை வெளியே நாலு மணித்தியாலம் வைக்கலாம் என்பது 25 பாகை வீட்டுக்குச் சொன்ன கணக்கு. கச்சான் காற்று வீசும் ஆனி ஆடி மாதத்தில் நம் வீட்டு அறை அதைவிட எவ்வளவோ சூடு. எடுத்த கையோடு பிரிட்ஜின் உள்பக்கத்தில் வையுங்கள், கதவில் வேண்டாம். நாலு நாள் இருக்கும். கரண்ட் நீண்ட நேரம் போய் பால் குளிர் இழந்துவிட்டால் பாவிக்காதீர்கள். கொடுப்பது சின்னக் கோப்பையால், கீழ் உதட்டில் விளிம்பை வைத்து, பிள்ளை தானாக நக்கி எடுக்கட்டும், வாய்க்குள் ஊற்றக் கூடாது.

---

நிலாவெளிவீதி:

மிக்க நன்றி. எச்-512இல் பழைய வீட்டு விலாசம்தான் இருக்கிறது, நாளைக்கே மாற்றுகிறோம். மாமி நல்ல மனிசி, ஆனால் வசம்பு, கொத்தமல்லித் தண்ணி, சாம்பிராணிப் புகை எல்லாம் கொண்டு வருவா. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? அவ வைக்கும் சரக்குக் கறி மனைவிக்கு நல்லதா?

---

உவர்மலைக்காற்று:

சரக்குக் கறி தாராளமாகச் சாப்பிடட்டும். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி, அதோடு பால்சுறா அல்லது விளைமீன். புரதம் உள்ள நல்ல சாப்பாடு. பிழை எங்கே வரும் என்றால் பத்தியம் என்ற பெயரில் மரக்கறி, பழம், தண்ணீரைக் குறைப்பதில். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், தையல் போட்ட உடம்புக்கு அது பெரிய வேதனை. ஆகவே மாமியிடம் 'சரக்கு நீங்கள்தான் வைக்க வேணும் மாமி, அதோட முருங்கையிலை வறையும் பப்பாசிப்பழமும் சேர்த்துக் குடுங்கோ' என்று சொல்லுங்கள். ஒன்றை நிறுத்தச் சொல்வதைவிட ஒன்றைப் பொறுப்பாகக் கொடுப்பது அவவுக்கும் மரியாதை.

பிள்ளையின் வாய்க்கு மட்டும் விட்டுக்கொடுப்பே இல்லை. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் தவிர வசம்பும் இல்லை, கொத்தமல்லித் தண்ணியும் இல்லை, தேனும் இல்லை, வெறும் தண்ணியும் இல்லை. வெயில் காலத்திலும் தாய்ப்பாலில் உள்ள நீரே போதும். வசம்பு பிள்ளையைச் சோர வைக்கும், தேனில் உள்ள கிருமியின் நஞ்சு ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தசைகளை முடக்கும். சொல்வதை நீங்கள் சொல்லாமல் மிஸ் வரும்போது அவவின் வாயால் சொல்ல வையுங்கள். முதல் நாளே போனில் 'மாமிக்கு முன்னால் இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கோ' என்று கேட்டால் செய்வா.

சாம்பிராணிப் புகையும் நுளம்புத்திரியும் பச்சைப் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது. வலை கட்டுங்கள், பகலிலும், டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். தொப்புள் கொடிக்குப் பவுடர், எண்ணெய், சாம்பல் ஒன்றும் வேண்டாம், காய விட்டால் தானாக விழும். ஏணை கட்டுவதானால், துணி ஆழமாகக் குழிந்து பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டாமல் பாருங்கள், முட்டினால் மூச்சுப் பாதை மடியும். இரவுத் தூக்கத்துக்கு ஏணை வேண்டாம். தட்டையான பாயில், மல்லாக்க, தலையணையோ பக்கத்து அணைகளோ இல்லாமல் படுக்க வையுங்கள்.

ஓட வேண்டியவை. மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் என்றால் பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்று விடியும் வரை இருக்கக் கூடாது. ஒரு தேர்மோமீற்றர் இன்றே வாங்குங்கள், புறங்கையால் தொட்டுப் பார்ப்பதில் பிழை வரும். உடல் குளிர்ந்துபோய் இருப்பதும் காய்ச்சலுக்குச் சமமான ஆபத்துத்தான். தூங்கும் நேரம் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணி, 60க்கு மேல் இருந்தால், நெஞ்சு உள்ளே இழுத்தால், பால் குடிக்க மறுத்தால், எழுப்ப எழும்பாவிட்டால், வலிப்பு வந்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், அப்போதே புறப்படுங்கள். மஞ்சள் முதல் 24 மணித்தியாலத்திலேயே வந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலும், மலம் வெள்ளையாகப் போனாலும் வெயில் காட்டிக்கொண்டு இருக்க வேண்டாம், வெயில் அதற்கு மருந்து இல்லை.

தாய்க்கு, ஒரு மணித்தியாலத்தில் ஒரு பாட் முழுக்க நனைந்தால், துர்நாற்றத்தோடு போனால், காய்ச்சல் என்றால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால், மூச்சு முட்டினால், அப்போதும் உடனே புறப்படுங்கள். தலையிடியோடு கண் மங்கினால் அது பிரஷர் ஏறியதாக இருக்கலாம், பிரசவம் முடிந்து ஆறு கிழமை வரை வரக்கூடியது. 'நித்திரை இல்லாத தலையிடி' என்று தட்டிவிடாதீர்கள்.

1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வீதிப் பெயரோடு கோவில், பள்ளி, சந்தி என்று ஒரு அடையாளம் சொல்லுங்கள், ஒருவர் கேற்றடியில் ரோர்ச் வைத்துக்கொண்டு நில்லுங்கள். கிளினிக் கொப்பியும் துண்டு வெட்டிய அட்டையும் எப்போதும் ஒரே பையில் கிடக்கட்டும். போகும் வழியில் பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்து மேலால் துணி போர்த்தினால் உடல் சூடு இறங்காது.

---

மூன்றாங்கட்டை:

மற்றவர்கள் தொடாததை மட்டும் சேர்க்கிறேன்.

மனநிலை. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளளவில் காரணம் இல்லாமல் அழுகை வரும், இரண்டு கிழமைக்குள் விட்டுவிடும். அதைத் தாண்டியும் அழுகை, பிள்ளை மேல் ஒட்டுதல் இல்லாமை, பிள்ளை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராமை இருந்தால் அது நோய். குணமாகிற நோய், அவவின் குணக்குறை இல்லை. கிளினிக்கில் பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளைக் கேட்டு நிரப்புவார்கள். அதற்கு மாமிக்கும் உங்களுக்கும் முன்னால் உண்மை வராது, தனியே இருந்து பதில் சொல்ல விடுங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுக்கலாம். தூக்கமே இல்லாமல் களைப்பும் தெரியாமல், தொடர்பில்லாமல் கதைத்தால், பிள்ளையைப் பற்றி விபரீதமாகச் சந்தேகப்பட்டால், தன்னையோ பிள்ளையையோ முடித்துவிடுவேன் என்றால், கோவில் நேர்த்தி பிறகு பார்க்கலாம், அன்றே வைத்தியசாலை. அதுவரை இரண்டு பேரையும் தனியே விடக் கூடாது.

லீவு. ஆசிரியைக்குச் சம்பளத்தோடு 84 வேலை நாள், சனி ஞாயிறு பொது விடுமுறை அதில் சேராது. அதற்கு மேல் 84 நாள் அரைச் சம்பளத்திலும், பிறகு 84 நாள் சம்பளம் இல்லாமலும் எடுக்கலாம். பிரசவத்துக்கு முன்பே அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். உங்களுக்குத் தனியார் துறையில் தந்தைக்கென்று சட்டத்தில் லீவு இல்லை, வருடாந்த லீவுதான். அதை வாட்டில் இருக்கும் நாட்களில் கரைக்காதீர்கள், அங்கே நீங்கள் பார்வையாளர் நேரத்துக்கு மட்டும்தான் உள்ளே போகலாம். வீட்டுக்கு வந்த முதல் நாலு நாளுக்கும், மாமி போன மறுநாளிலிருந்து ஒரு கிழமைக்கும் பிரித்து வையுங்கள்.

பிறப்புப் பதிவு, பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளரிடம். குடியிருக்கும் இடமோ மாமியின் ஊரோ இல்லை. மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், தாண்டினால் பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பதிவு, சத்தியக் கடதாசி என்று அலைச்சல். வைத்தியசாலை தந்த பிறப்பு அறிக்கை, விவாகச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கொண்டு போங்கள். தந்தை வழிப் பாட்டனார், பூட்டனாரின் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் கேட்பார்கள், அதை இப்போதே பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். முப்பத்தொன்றுக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனாலும் நேரம் இருக்கிறது. கையெழுத்து வைக்கும் முன் பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள், ஒரு ல, ள மாறினாலும் பிறகு திருத்தப் படிவம்தான்.

---

நிலாவெளிவீதி:

கடைசியாக ஒன்று. மாமியின் மூன்று கிழமையை எப்போது தொடங்கச் சொல்வது? சிசேரியன் என்றால் மாறுமா?

---

கொட்டியாரக்கரை:

நாள் நெருங்கும்போதே வரச் சொன்னால், பிள்ளை பிந்திப் பிறந்து, அவவின் ஒரு கிழமை வாட் வாசலிலேயே போய்விடும். வவுனியா தூரம் இல்லை, பஸ்ஸில் வந்துவிடலாம். வலி தொடங்கியதும் சொல்லுங்கள், துண்டு வெட்டும் நாளிலிருந்து 21 நாளை எண்ணுங்கள்.

சிசேரியன் என்றால் கட்டாயம் அப்படித்தான். ஆறு கிழமைக்குப் பிள்ளையைவிடப் பாரமான எதையும் அவ தூக்கக் கூடாது, தண்ணீர் வாளி உட்பட. மாமி சுடுதண்ணி வார்க்கும்போது காயத்தில் நேரே ஊற்றாமல், பிறகு ஒத்தி உலர வைக்கச் சொல்லுங்கள். பால் கொடுக்கும்போது பிள்ளையை வயிற்றுக்குக் குறுக்காக வைக்காமல், கால்கள் பின்பக்கம் போகும்படி கக்கத்துக்குள் இடுக்கிப் பிடித்தால் காயத்தில் உதை படாது. பக்கத்தில் ஒரு தலையணை வைத்து உயர்த்துங்கள், முதல் இரண்டு நாளும் அந்தத் தலையணையைச் சரி செய்வது உங்கள் வேலை.